அரச மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை

திருகோணமலை
12.02.2024

அன்பின் தங்கச்சி புஷ்பவதிக்கு,

நம் குடும்ப வரலாற்றில் குறித்து வைக்க வேண்டிய ஒரு தீர்மானத்தை உனக்கு முதலில் அறியத் தருகிறேன். கடந்த திங்கட்கிழமை காலை, எங்கள் விறாந்தையில் கிடந்த நான்கு பிளாஸ்டிக் கதிரைகளில் கை உடையாத ஒன்றை உன்னுடைய வளவுக்கு இடம் மாற்றினேன். நன்றாக யோசித்த பிறகே செய்தேன். எதிர்ப்பு இருந்தது. அதை மீறித்தான் செய்தேன்.

நான் நலம். உன் மச்சாள் இராசமலரும் நலம். நீயும் மச்சான் சிவலிங்கமும் நலமாயிருக்க வழக்கமாக இந்த இடத்தில் இறைவனை வேண்டுவேன். இம்முறை வேண்டவில்லை. காரணம் சொல்கிறேன்.

போன வருடம் முழுவதும் எனக்கு நித்திரை இல்லை என்பது உனக்குத் தெரியும். நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. ஓய்வுபெற்ற அமெரிக்க வழக்கறிஞர் ஒருவர் எழுதியது. மதமில்லாத பௌத்தம் பற்றியது. மறுபிறப்பு வேண்டாம், தேவர்கள் வேண்டாம், விகாரை வேண்டாம், சிலை வேண்டாம். இருந்து மூச்சைக் கவனித்தால் போதும். புத்தர் இதில் ஒரு வைத்தியர். வைத்தியருக்கு யாரும் பூ வைப்பதில்லை.

இராசமலரிடம் இதை விளக்கினேன். “இந்த ஊரிலை இருந்துகொண்டு உங்களுக்கு வேற சமயம் கிடைக்கேல்லையோ?” என்றாள். இது சமயமில்லை என்றேன். “அப்ப ஏன் அதுக்கு அந்தப் பேர்?” என்றாள். இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. உன் வளவுக்குப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் கிண்ணியா ஜெமீலிடமும் சொன்னேன். “மதமில்லாத பௌத்தமா அண்ணன்? மீனில்லாத மீனாணக் கறி மாதிரி” என்றார்.

வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது. உன் வளவு அமைதியானது. உட்துறைமுகத் தண்ணீர் தெரியும். நீங்கள் தொண்ணூறில் ஓடின பிறகு கிணற்றுக் கட்டின் வெடிப்பில் முளைத்த அரச மரம் இப்போது பெரிய நிழல். நீ தை மாதம் கேட்டபடி அதை வெட்டி வளவைத் துப்புரவாக்கி, நீங்கள் வந்து இரண்டு அறை வீடு கட்ட ஆயத்தமாக வைப்பேன். வெட்டுவதற்கு முன் சில நாள் அதன் நிழலைப் பாவிப்பதில் பிழையில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஃபோனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். அது கவனத்தைக் கலைக்கிறது. ஆகவே இனிமேல் கடிதம்தான்.

மச்சானின் காலைக் கவனமாகப் பார்.

அன்புள்ள அண்ணன்,
ஞானசேகரம்


மறுவாழ்வு முகாம்
வேலூர் மாவட்டம்
10.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் மச்சாளும் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். உங்களுக்கும் சேர்த்து நானே வேண்டிவிட்டேன், நீங்கள் மினக்கெட வேண்டாம்.

நலம் என்று எழுதுவது பழக்கத்தில். இவருக்கு மார்கழியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்ததை எழுதியிருந்தேன். இப்போது சிறுநீரகமும் சரியில்லை என்கிறார்கள். படுத்துக்கொண்டு ஒரே கதைதான்: “சாகிறதெண்டால் எங்கட கிணத்தடியிலை ஒருக்கால் குளிச்சுப்போட்டுச் சாகோணும்.” அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஞாபகப்படுத்தினால் கோபம் வருகிறது.

ஊர் திரும்பும் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதிகாரி கேட்டார், “ஊரில் சொந்த நிலம் இருக்கிறதா அம்மா?” இருபது பேர்ச் இருக்கிறது, காணி உறுதி என் பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். அந்த அதிகாரிக்குப் பேர்ச் என்றால் என்னவென்று தெரியவில்லை. இவர் சக்கரக் கதிரையில் இருந்து அழுதுவிட்டார். முப்பத்துநாலு வருடத்தில் எங்களிடம் ஏதோ இருக்கிறது என்று ஒரு அலுவலகத்தில் சொன்னது அன்றைக்குத்தான்.

ஒன்றைத் தெளிவாக எழுதுகிறேன். கடைசிக் கையெழுத்துப் போட்டால் இந்த வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும். திரும்பி வந்து கேட்க ஏலாது. எங்களுக்கு அந்த வளவை விட்டால் உலகத்தில் வேறு இடம் இல்லை.

மரத்தை வெட்டுங்கோ. அரச மரம் வளவுக்குள் நின்றால் என்னென்ன வரும் என்று, ஊரிலேயே இருக்கும் உங்களுக்கு, ஊரில் இல்லாத நான் சொல்லித் தரத் தேவையில்லை. புத்தர் கூட அதன் கீழே கொஞ்ச நாள்தான் இருந்தவர். பிறகு எழும்பிப் போனவர். நீங்களும் எழும்புங்கோ.

தங்கச்சி,
புஷ்பவதி


திருகோணமலை
02.04.2024

அன்பின் தங்கச்சிக்கு,

நான் நலம். நலம் என்பது ஒரு நிலையல்ல, கடந்து போகும் நிகழ்வு என்று இப்போது விளங்குகிறது. ஆனாலும் நலம். மச்சானின் நலத்தை அறிய ஆவல்.

நீ மரத்தைப் பற்றி எழுதியதற்கு முன்பே நான் முயற்சியில் இறங்கிவிட்டேன். முதலில் தம்பலகாமத்திலிருந்து ஒருவர் வாள் மெசினோடு வந்தார். நம்மவர். மரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார், மூன்று தரம் சுற்றினார், நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார். “பிள்ளையார் இருக்கிற மரம் ஐயா” என்று சொல்லி மெசினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவதாகக் கந்தளாயிலிருந்து ஒரு சிங்களவர். மிகவும் பண்பானவர். “போதியை வெட்ட ஏலாது மாத்தயா. வந்ததற்கு வேறு ஏதாவது செய்து தருகிறேன்” என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் உன்னுடைய வேப்ப மரத்தை இலவசமாக வெட்டித் தந்தார். ஆகவே வேப்ப மரம் இப்போது இல்லை.

மூன்றாவதாக ஜெமீல் தன் மனைவியின் ஊரான குறிஞ்சாக்கேணியிலிருந்து பாஹிம் என்பவரைக் கூட்டி வந்தார். பாஹிம் மரத்தை நிமிர்ந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எனக்கு மரத்தில ஒண்டுமில்ல அண்ணன். ஆனா நான் வெட்டினா, வெட்டினது பாஹிம் எண்டு பேப்பரில வராது. முஸ்லிம் எண்டுதான் வரும்.” தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

இந்த நாட்டில் மூன்று சனமும் ஒரே முடிவுக்கு வந்து நான் பார்த்தது இதுதான் முதல் தரம். அதில் தலையிட எனக்குத் துணிவில்லை.

இராசமலர் கத்தியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “நீங்களே வெட்டுங்கோவன்.” உயிரைக் கொல்லாமை பற்றி அந்தப் புத்தகம் நிறையச் சொல்கிறது. மரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நான் கதிரையில் இருந்து இதை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

அப்படி இருக்கும்போது ஒரு அம்மா வந்தார். சோமலதா. கடற்படைக் குடியிருப்பில் இருக்கிறார். “ஐயா பாவனாவ?” என்று கேட்டார். தியானமா என்று அர்த்தம். ஓம், ஆனால் மதம் சாராதது என்று சிங்களத்தில் விளக்கினேன். என்னுடைய சிங்களம் துறைமுகப் பண்டகசாலையில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து படித்த சிங்களம். ஆணிக்கும் கயிற்றுக்கும் போதும். மதச்சார்பின்மைக்குப் போதாது என்று நினைக்கிறேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த நாள் ஒரு தேங்காயெண்ணெய் விளக்கோடு வந்தார்.

விளக்கு மிகச் சிறியது.

அன்புள்ள அண்ணன்,
ஞானசேகரம்


மறுவாழ்வு முகாம்
28.04.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் மச்சாளும் நலம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஆட்களுக்கும் வாசித்துக் காட்டினேன். வேப்ப மரம் வெட்டின இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த மாதம் நான் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அந்த வேம்பு நான் வைத்தது.

விளக்கு மிகச் சிறியது என்று எழுதியிருக்கிறீர்கள். சிறிய விளக்குக்கு எண்ணெய் ஊற்ற நாளைக்கு ஆள் வரும். மழையில் நனையக் கூடாது என்று கூரை வரும். கூரை இருந்தால் அதற்குள் யாரையாவது இருத்த வேண்டும். அண்ணா, கதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கோ. போகும்போது விளக்கையும் எடுத்துக்கொண்டு போங்கோ. அந்த அம்மாவின் கையில் மரியாதையாகக் கொடுங்கோ.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆவணி முடிவதற்குள் இந்த வீட்டைக் கையளிக்க வேண்டும். இனி அந்த வளவுதான்.

ஒரு கேள்வி. எத்தனை பிள்ளைகள் என்று அந்த அம்மா கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

தங்கச்சி,
புஷ்பவதி


திருகோணமலை
30.05.2024

அன்பின் தங்கச்சிக்கு,

நலம். மச்சானின் சுகத்தை நீ எழுத மறந்துவிட்டாய். அவருக்குக் கோபம் குறைந்ததா? மூச்சைக் கவனிக்கச் சொல்.

உன் அறிவுரையை ஏற்று விளக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அது புத்தரின் வெசாக் பௌர்ணமி வாரம் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே அப்போது ஒரு விளக்கில்லை, பல விளக்குகள். எது சோமலதாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை. மரத்தைச் சுற்றிக் கொடிகள். கிளைகளில் காகித வெசாக் விளக்குக் கூடுகள். அழகாகத்தான் இருந்தன என்பதைப் பற்றின்றிப் பதிவு செய்கிறேன்.

விகாரையிலிருந்து ஒரு இளம் தேரர் வந்திருந்தார். படித்தவர், மெதுவாகக் கதைப்பவர். இந்தப் போதியை நட்டது யார் என்று கேட்டார். நான் உண்மையைத்தான் சொன்னேன்: யாரும் நடவில்லை, தானாக முளைத்தது. அவர் கண் கலங்கிவிட்டார். கூட வந்தவர்களிடம் திரும்பி அதைச் சொன்னார். எல்லோரும் “சாது, சாது” என்றார்கள். பிழை நடந்துவிட்டது என்று கண்டு உடனே திருத்தினேன். காகம் போட்ட விதை, கிணற்றுக் கட்டில் வெடிப்பு, ஈரம், இப்படிப் பல காரணங்கள் கூடி முளைத்தது என்று. தேரர் புன்னகைத்தார். “காகத்தை அனுப்பியது யார்?” என்றார். மறுபடியும் “சாது” என்றார்கள்.

இந்த வளவு இந்தியாவிலிருக்கும் என் தங்கச்சியுடையது என்றும் சொன்னேன். அவருக்கும் புண்ணியம் சேரட்டும் என்று வாழ்த்தினார். உனக்குச் சேர்ந்ததா?

என் கதிரையைக் கழுவி அதற்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். வெள்ளைத் துணி போர்த்திய கதிரையில் தேரர் மட்டுமே இருப்பார், மற்றவர்கள் இருப்பதில்லை. இப்போது நான் கிணற்றுக் கட்டில் இருந்து பயிற்சியைத் தொடர்கிறேன்.

நேற்றுக் காலை போனபோது மரத்தடியில் ஒரு முழ உயரத்தில் ஒரு சீமெந்துச் சிலை இருந்தது. யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஜெமீல் கடையைத் திறந்துகொண்டே சொன்னார்: “தானா முளைச்சிருக்கும் அண்ணன்.”

உன் மற்றக் கேள்விக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புள்ள அண்ணன்,
ஞானசேகரம்


திருகோணமலை
14.06.2024

அன்பு மச்சாளுக்கு,

இராசமலர் எழுதுறன். இவருக்குத் தெரியாது. நீங்களும் சிவலிங்கம் அண்ணனும் சுகமாயிருக்க வேண்டிக்கொண்டு எழுதுறன். இஞ்சை என்ரை சுகத்தை விடுங்கோ.

இவர் உங்களுக்கு என்ன எழுதுறார் எண்டு எனக்குத் தெரியும். நகைச்சுவையாய் எழுதியிருப்பார். கந்தோரிலையும் அப்பிடித்தான், பண்டகசாலை எரிஞ்சாலும் அழகாய் ஒரு அறிக்கை எழுதுவார்.

மச்சாள், ஃபோனை அலுமாரிக்குள்ளை பூட்டினது கவனம் கலையுது எண்டில்லை. எங்கட பிள்ளை மதுசன் போன வருசம் சித்திரையிலை துருக்கியிலை இருந்து கதைச்சவன். “அம்மா, இண்டைக்குப் படகு. கரைக்குப் போய் எடுக்கிறன்” எண்டான். அதுக்குப் பிறகு ஃபோன் அடிக்கேல்லை. அனுப்பின ஏஜென்சிக்காரனும் இப்ப எடுக்கிறேல்லை. இவர் அந்த ஃபோனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தவர், சாப்பிடாமல், படுக்காமல். ஒரு நாள் அலுமாரியிலை வைச்சுப் பூட்டிப்போட்டார். ஆனா விடியக்காலமை எழும்பி, நான் குசினியிலை நிக்கேக்கை, சத்தமில்லாமல் திறந்து அதுக்குச் சார்ஜ் போடுறார். ஒரு நாளும் தவறினதில்லை. பிறகு பூட்டிப்போட்டு, உங்கட வளவுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்.

அந்த சோமலதா நல்ல மனிசிதான், பொய் சொல்லக்கூடாது. அவவின்ரை மகனும் கடற்படையிலை இருந்து கடலிலை போனவன், உடம்பு கிடைக்கேல்லையாம். இவர் மதுசனைப் பற்றிச் சொன்னவுடனை, அவன் வந்து சேரோணும் எண்டு நேர்ந்துதான் அந்த முதல் விளக்கை வைச்சவ. அதை எடுக்கச் சொன்னால் இவர் எப்பிடி எடுப்பார்? நான் தாய், என்னாலையும் ஏலாது.

ஆனா காணியை விட ஏலாதுதானே. போன கிழமை வளவைச் சுத்தி முள்ளுக்கம்பி அடிச்சிட்டினம். சிலை களவு போகாமல் இருக்கவாம். இப்ப நானும் ஒழுங்கையிலை உள்ள ஆக்களும் ஒரு முடிவு எடுத்திருக்கிறம். அரச மரம் பிள்ளையாருக்கும் உரியதுதான். ஆடி முதல் வெள்ளிக்கு நாங்கள் ஒரு பிள்ளையாரைக் கொண்டுபோய் வைக்கப்போறம். வைச்சால் ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது. நீங்கள் பயப்பிடாதேங்கோ.

அன்பு மச்சாள்,
இராசமலர்


மறுவாழ்வு முகாம்
08.07.2024

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

நான் நலம். இதை இரண்டு பேருமாகச் சேர்ந்து வாசியுங்கோ.

மச்சாள், பிள்ளையாரை வைக்க வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். சிலை இருந்தால், அது என் வளவு, அங்கே ஒரு சிலை இருக்கிறது என்று நான் சொல்லலாம். இரண்டு சிலை இருந்தால் அது வளவில்லை, வழக்கு. வழக்கு முடிகிற வயதில் நான் இல்லை. நான் வந்து, உறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தத் தேரரின் முன்னால் நிலத்தில் இருந்து கதைக்கிறேன். அவர் கண் கலங்குகிற ஆள் என்று அண்ணா எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் கதைக்கலாம். நான் வரும்வரைக்கும் ஒன்றும் செய்யாதேங்கோ. மரத்தையும் வெட்ட வேண்டாம். கிணற்றுக்குப் பக்கத்தில் எனக்குப் படுக்க ஒரு பாய் அகலம் கிடைத்தால் போதும்.

அண்ணா, என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இனி எழுதத் தேவையில்லை. மதுசனுக்காக வைத்த விளக்கை எடுங்கோ என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அம்மாவுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

இந்தக் கடிதம் வேகமாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தபாலில் போடுகிறேன். மச்சாளின் ஃபோன் எண்ணுக்கும் முகாம் கடையிலிருந்து எடுத்தேன். அந்த எண் பாவனையில் இல்லை என்கிறது. அண்ணா, உங்கள் ஃபோனுக்கு எடுக்க மனம் வரவில்லை, மதுசன் என்று நினைத்துவிடுவீர்கள்.

புஷ்பவதி


திருகோணமலை
29.07.2024

அன்பின் தங்கச்சிக்கு,

உடல் நலம். மச்சானுக்கு எப்படி?

உன் எட்டாம் திகதிக் கடிதம் இருபத்துநாலாம் திகதி கிடைத்தது. ஆடி முதல் வெள்ளி பத்தொன்பதாம் திகதி. நாட்காட்டியைத் திருத்த முடியாது என்பதால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளையார் வந்தார். கருங்கல், நல்ல வேலைப்பாடு. ஒழுங்கை ஆட்கள் கம்பியை விலக்கி, மரத்தின் மற்றப் பக்கத்தில் அவரை இருத்தினார்கள். இரண்டு சிலைகளுக்கும் இடையில் மரம் இருந்ததால் அவர்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. பின்னேரம் பஸ்ஸில் வெளியூர் ஆட்கள் வந்தார்கள். நம் பக்கத்துக்கும் வந்தார்கள். நான் ஒருபோதும் காணாத ஆட்கள், என் தங்கச்சியின் காணிக்காக உயிரைக் கொடுப்போம் என்று கத்தினார்கள். மற்றப் பக்கத்திலும் நான் காணாத ஆட்கள். தேரர் நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு எல்லோரையும் போகச் சொன்னார். அவர் சொல்லையும் ஒருவரும் கேட்கவில்லை. சோமலதா அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து இராசமலரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. இருட்டும்வரை இருந்தார்கள். ஜெமீலின் கடைக் கண்ணாடி உடைந்தது. “எங்கட ஆக்களுக்கு அங்க சிலையே இல்ல அண்ணன். கண்ணாடி மட்டும் எங்கட” என்றார்.

பொலிஸ் வாக்குமூலம் எடுத்தது. நீ எந்தத் தரப்பு என்று கேட்டார்கள். நான் பௌத்தத்தைப் பயில்கிறேன், ஆனால் பௌத்தன் அல்ல. பிறப்பால் சைவன், ஆனால் கும்பிடுவதில்லை. காணிச் சொந்தக்காரியின் அண்ணன், ஆனால் சொந்தக்காரன் அல்ல என்று விளக்கினேன். எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் பேனையை வைத்துவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார். வழக்கு வந்தபோதுதான் தெரிந்தது, என் பெயரை இரண்டு தரப்பிலும் போட்டிருக்கிறார்.

நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை போட்டிருக்கிறது. வழக்கு முடியும்வரை எந்தத் தரப்பும் அந்த வளவுக்குள் போகக் கூடாது. சொந்தக்காரரும் போகக் கூடாது. இருக்கிறது இருக்கிறபடியே இருக்க வேண்டும். வாசலில் ஒரு பொலிஸ்காரரை நிறுத்தியிருக்கிறார்கள். வெயிலாக இருந்ததால் அவர் அந்தக் கதிரையில் இருக்கிறார். துணியை மடித்து வைத்துவிட்டார். கட்டளையை மீறி அங்கே நடந்த ஒரே மாற்றம் அது.

என்னை இரண்டு தரப்பிலும் போட்டிருப்பதால் இரண்டு தரம் தடுக்கப்பட்டிருக்கிறேன். நான் இப்போது பயிற்சி செய்வதில்லை. மூச்சு தன்பாட்டில் போய் வருகிறது.

நீ பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?

ஞானசேகரம்


மறுவாழ்வு முகாம்
22.08.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் மச்சாளும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

தள்ளிப் போட ஏலாது. கேட்டுப் பார்த்தேன். வீட்டைப் போன புதன்கிழமை கையளித்துவிட்டேன். ஒரு இளம் குடும்பம், கைக்குழந்தையோடு. அவர்கள் வந்த அன்றைக்கே சுவருக்கு நீலம் அடித்தார்கள். இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு படுக்கிறேன். டிக்கெட் ஒக்டோபர் மூன்றாம் திகதி.

ஒரு டிக்கெட்.

நீங்கள் மூன்று கடிதமாக மச்சானைச் சுகம் கேட்கிறீர்கள். அவர் சித்திரை மாதம், வருடப் பிறப்புக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை போய்விட்டார். நான் எழுதவில்லை. எழுதியிருந்தால், தனிய ஒரு பொம்பிளைக்கு எதற்கு வீடு, வந்து எங்களோடு இரு என்று சொல்வீர்கள். நல்ல மனதோடுதான் சொல்வீர்கள். வளவைத் துப்புரவாக்கிற வேலை அதோடு நின்றுவிடும் என்று பயந்தேன். நான் எழுதாமலேயே அது நின்றுவிட்டது.

சாம்பலில் கொஞ்சத்தைச் செம்பில் வைத்திருக்கிறேன். கடலில் கரைக்கலாம், அதற்குக் கட்டளை ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டது கிணற்றடி. ஒரு வாளி தண்ணீர். அந்தப் பொலிஸ்காரரிடம் கேட்டால், கம்பிக்கு வெளியே கொண்டுவந்து தருவாரா? ஒரு வாளிதான். தண்ணீரை எடுத்தால் இருக்கிறது இருக்கிறபடி இருக்காது என்று சொல்வார்களோ?

முப்பத்துநாலு வருடம் எங்களை ஊரில்லாதவர்கள் என்று சொன்னார்கள். அப்போதெல்லாம் எனக்கு ஒரு வளவு இருந்தது. ஒவ்வொரு இரவும் அதில் கதவு எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்துக்கொண்டு படுப்பேன். இப்போது ஊருக்கு வருகிறேன். யோசிக்க ஒன்றும் இல்லாமல் வருகிறேன்.

எனக்கு நித்திரை வரவில்லை அண்ணா. மூச்சைக் கவனித்துப் பார்த்தேன். அது போகிறது, வருகிறது. அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா?

எங்கே இறங்க வேண்டும் என்று எழுதுங்கோ. எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றும் இப்போது இராது.

புஷ்பவதி


திருகோணமலை
12.09.2024

அன்பின் தங்கச்சிக்கு,

மச்சானின் செய்தி வாசித்தோம். இராசமலர் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. நான் எழுதக் கூடிய வசனங்கள் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. இன்னொரு தரம் முழுவதும் வாசித்துப் பார்த்தேன். நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பொலிஸ்காரரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். இரவில் மாறி வருபவர் அனுராதபுரத்துப் பொடியன். செம்பின் விஷயத்தைச் சொன்னதும் எழும்பி நின்றான். தருவதாகச் சொன்னான். ஆனால் வேர் இறங்கிக் கிணறு தூர்ந்துவிட்டது. டோர்ச் அடித்துக் காட்டினான். நான் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஜெமீல் தன் கடைக் கிணற்றிலிருந்து ஒரு வாளி எடுத்து வைப்பதாகச் சொல்கிறார். அதே ஊற்று, அதே உப்பு என்கிறார்.

வழக்கு அடுத்த வருடம் பங்குனிக்குத் தவணை போட்டிருக்கிறது. உறுதியைப் பத்திரமாகக் கொண்டு வா.

உனக்கு மதுசனின் அறை. இராசமலர்தான் முடிவெடுத்தாள். அவனுடைய உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்திருக்கிறாள். நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபோனை அலுமாரியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். கொழும்பில் இறங்கியதும் எடு. பழைய எண்தான், மாற்றவில்லை. முதல் அடியிலேயே எடுத்துவிடுவேன், பயந்துவிடாதே.

பயணம் சுகமாக அமையட்டும். யாரை வேண்டுவது என்று தெரியாவிட்டாலும் வேண்டிக்கொள்கிறேன்.

அன்புள்ள அண்ணன்,
ஞானசேகரம்

பி.கு.: எங்கே இறங்குவது என்று கேட்டிருந்தாய். கொழும்பு பஸ் தம்பலகாமம் சந்தி, சீனன்குடா எல்லாம் தாண்டி வரும். சீனன்குடா தாண்டியதும் சாமான்களை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்து நில். உன் வளவுக்கு முன்னால் இப்போது பஸ் தரிப்பிடம் இருக்கிறது. கொண்டக்டரிடம் அரச மரத்தைச் சிங்களத்தில் ‘போகஹ’ என்று சொன்னால் நிறுத்துவார்.